ரெஞ்சுக்கு வைத்த செந்தூரம்

எங்கள் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் இப்போதெல்லாம் மேசை நடுவில் ஒரு செல்போனை வைத்துவிடுகிறார்கள். ஒருவர் இந்தியில் பேசினால் அது தெலுங்கில் சொல்கிறது. தெலுங்கில் பேசினால் ஒடியாவில் எழுதிக் காட்டுகிறது. புதிதாக வந்திருக்கும் கிளைச் செயலாளர் சின்ன வயசுப் பெண், கெட்டிக்காரி. போன மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அக்கா, நீங்க இத்தினி வருஷம் தொண்டை கட்ட மொழிபெயர்த்தீங்களே, இப்போ இது செய்யுது பாருங்க" என்று பெருமையாகக் காட்டினாள். நன்றாகத்தான் செய்கிறது. என்னைவிட வேகம், நடுவில் டீ கேட்பதில்லை, யாரிடமும் கோபித்துக்கொள்வதும் இல்லை. "உங்க காலத்துல எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். செல்போன் மேல் பொறாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்சம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நான் புத்தூர்க்காரி, ஆந்திராவில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைப் பக்கம். அப்பாவை நைனா என்போம், அவருக்கு ரயில்வே வேலை, கரக்பூரில். நான் வளர்ந்தது அங்கேதான். வீட்டில் தமிழ், எதிர் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் இந்தி, குழாயடியில் வங்காளமும் ஒடியாவும். எதையும் யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. தண்ணீர்ச் சண்டையில் தோற்காமல் இருக்க வேண்டும் என்றால் தானாக வந்துவிடும். நைனா ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பினோம். கல்யாணம் ஆனது. ரேணிகுண்டா பக்கம் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் பிரிவில் சேர்ந்தேன். செம்புக் கம்பியைப் பிசகாமல் சுற்றப் பழகியதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. முதுகுவலிதான் அதில் கிடைத்த பட்டம்.

சங்கம் அகில இந்தியச் சங்கம். பேருக்கு ஏற்றபடி டெல்லியிலிருந்து சுற்றறிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். கிளையில் படிப்பது தெலுங்கில். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து தமிழில் முணுமுணுப்பார்கள். சித்தூர், சந்திரகிரி ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த முணுமுணுப்பை என்னவென்று கேட்பார்கள். இதுவே பெரிய பஞ்சாயத்தாக இருந்தது. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் வந்தார்கள். கம்பெனிக்குப் பின்னால் ஹாஸ்டல் கட்டி அவர்களைத் தங்கவைத்தார்கள். அன்றிலிருந்து முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றாகி "ஹாஸ்டல் பசங்க" என்று பேச ஆரம்பித்தன. ஒற்றுமை எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள்.

எங்கள் மாவட்டச் செயலாளர் பாஸ்கர ராவ் காரு. சித்தூர்க்காரர், அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான ஆள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு விஷயத்தில் கொடுங்கோலர். முதல் கூட்டத்திலேயே என்னை எழுப்பிவிட்டார். நான் ஒரு பீகார்ப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் சம்பளம் பத்தலன்னு சொல்றான்" என்று ஆரம்பித்திருந்தேன்.

"சரோஜம்மா, பக்கத்துல வேணாம். பின்னாடி நாற்காலி போட்டுக்கோ. சனங்க அவன் மூஞ்சியப் பார்க்கணும், உன் மூஞ்சிய இல்ல. அப்புறம் 'சொல்றான்' கூடாது. அவன் 'நான்'னா நீயும் 'நான்'னு செப்பு."

"நான்னு எப்படிங்க சொல்றது? எனக்கு மீசை கீசை இருக்குதா?"

"திட்டினா திட்டு. அழுதா நிறுத்து. ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். இஷ்டம் இல்லன்னா வூட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. அன்றிலிருந்து நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டேன். நான் சொல்லி முடித்ததும் அவர் கூட்டத்தில் யாரையாவது கைகாட்டி, "இப்போ இவர் என்ன சொன்னார், நீ சொல்லு" என்பார். கேட்டவர் சொன்னதை, முதலில் பேசினவனின் மொழியில் நான் திரும்பச் சொல்ல வேண்டும். பேசினவன் தலையாட்டிய பிறகுதான் அடுத்த ஆள். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். டீ வந்தால் முதல் டம்ளர் அன்றைக்கு யார் மொழி கூட்டத்தில் குறைவாகப் பேசப்படுகிறதோ அவருக்கு. இதை அவர் எங்கும் சட்டமாகச் சொன்னதில்லை. தட்டைத் தானே வாங்கி எழுந்து போய்க் கொடுப்பார்.

அப்படி இருந்தும் பல வருடம் ஒரு விஷயம் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் கம்பெனியே பூசணிக்காய் உடைக்கும். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. மறுநாள் விடுமுறை. ஹாஸ்டல் பையன்களும் நின்று பொரி வாங்கித் தின்பார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் இதே பூஜை செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடும், விஸ்வகர்மா பூஜை என்று. அன்றைக்குக் கருவியைத் தொட மாட்டார்கள். அது ஓய்வெடுக்க வேண்டும். நான் கரக்பூரில் பார்த்ததுதான். ஆனால் இங்கே அது வேலைநாள், பையன்களும் பேசாமல் வந்து வேலை செய்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கேட்ட விடுமுறைகளில் உகாதி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் இருந்தன. இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பித்யாதர் பாலசோர் பக்கத்துப் பையன். மோட்டார் பூட்டும் பிரிவு. அவன் கையில் டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி. போல்ட் தேவையான அளவு இறுகியதும் 'டக்' என்று சொல்லும், விலை அதிகம். சங்கம் போராடி நிரந்தரம் ஆக்கிய முதல் ஹாஸ்டல் குழுவில் அவன் ஒருவன். ஒரு செப்டம்பரில் பையன்கள் பட்டறையில் விஸ்வகர்மா படம் வைக்க அனுமதி கேட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பூஜைக்கு முந்தின சாயங்காலம் பித்யாதர் ரெஞ்சை டூல் ரூமில் திருப்பித் தரவில்லை. பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனான், அப்போது கேட்டில் யாரும் பையைப் பார்க்கவில்லை. படத்தின் முன்னால் வைத்து, விடிந்ததும் குளித்துப் பூஜை செய்து, செந்தூரம் வைத்து, காலை ஷிப்டுக்கு வரும்போது கொண்டுவந்தான். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். திருட்டு என்று சார்ஜ் ஷீட் கொடுத்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

உள்ளே கொண்டுவரும்போது பிடிபட்டவன் எப்படித் திருடன் என்று கேட்பீர்கள். நிர்வாகத்திடம் பதில் இருந்தது. ரெஞ்ச் காணவில்லை என்று சாயங்காலமே புகார் போயிருந்தது. பயந்து திருப்பிக் கொண்டுவந்தான் என்றார்கள். அந்தப் புகாரைக் கொடுத்தவர் டூல் ரூம் முனிரத்தினம். எங்கள் ஆள்தான், நகரிக்காரர், சங்கத்தின் பழைய உறுப்பினர். கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. எடுத்துப்போகிறவர் தன் டோக்கனை அந்தக் கருவியின் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஸ்பேனர் ஒன்று இடம் மாறித் தொங்கினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ரெஞ்ச் காணாமல் போனதற்கு அவருக்கும் மெமோ கொடுத்திருந்தார்கள். மனுஷர் கொதித்துப்போய் இருந்தார்.

செயற்குழு கூடியது. முனிரத்தினம்தான் முதலில் எழுந்தார்.

"இத்தினி வருஷத்துல எம்மேல ஒரு கேள்வி வந்தது கெடையாது. இவனால வந்துக்கீது. திருடனுக்கு இன்னாத்துக்கு சங்கம்? நம்ம சந்தாவுல இவனுக்குக் கேஸ் நடத்தணுமா?"

பலர் தலையாட்டினார்கள். தெலுங்கிலும் தமிழிலும் ஒரே பேச்சு. பாஸ்கர ராவ் காரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் இன்னும் பேசல" என்றார். நான் நாற்காலியை பித்யாதருக்குப் பின்னால் போட்டேன்.

அவன் ஒடியாவில் பேசினான், தரையைப் பார்த்துக்கொண்டு. நான் தமிழில் சொன்னேன். "நான் திருடல. எங்கப்பா சைக்கிள் ரிப்பேர் பண்றவரு. அந்த நாள்ல அவரு ஸ்பேனரைத் தொட மாட்டாரு. எனக்குன்னு சொந்தமா ஸ்பேனர் இல்ல. எனக்குச் சோறு போடறது அந்த ரெஞ்ச்தான். அதை வெறுமனே வேலை வாங்கிட்டு விட மனசு வரல. டூல் ரூம்ல என் டோக்கன் ஆணியிலதான் தொங்கிக்கினு இருந்தது. யார்கிட்ட இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். ஊருக்குத் திருடனாப் போக முடியாது. எங்கம்மா கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"யக்கா, நீ இன்னா அவன் மாதிரியே பேசற?" என்று முனிரத்தினம் என் மேல் பாய்ந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பாஸ்கர ராவ் காரு சிரிக்கவில்லை. "முனிரத்தினம், இப்போ அவர் என்ன சொன்னார், நீ சொல்லு" என்றார்.

முனிரத்தினம் ஆரம்பித்தார். ரெஞ்சை எடுத்ததையும் டோக்கனையும் கடகடவென்று சொன்னார். "அது சோறு போடுதாம், அத்த வெறுமனே..." என்ற இடத்தில் நின்றுவிட்டார். மேலே சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்துக் காலை ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் பல வருடமாக ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் அவர் எப்போதும் சீட்டாடும் கூட்டத்தோடு இருப்பார்.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையனுக்கு வேலை பூடுமா?"

"பாஸ்கர ராவ் காரு அப்படித்தான் பயப்படறாரு. ஒடிசா வழக்கம்னு சொன்னா விசாரணையில எடுபடாதாம். இந்தக் கம்பெனியிலயே கருவிய வூட்டுக்குக் கொண்டுபோய் பூஜை பண்ற வழக்கம் இருக்குதுன்னு யாராவது சொல்லணுமாம். யாரு சொல்லுவாங்க? சொல்றவன் மேலயும் அதே கேசு வரும்."

அவர் ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார். "டூல் ரூம் சாவி தினமும் கேட்டுல குடுக்கணும். ரூல் அது. ஆயுத பூஜைக்கு முந்தின நாளு மட்டும் நான் குடுக்க மாட்டேன். மடியில கட்டிக்கினு வூட்டுக்கு எட்த்துனு போவேன். என் பொண்டாட்டி சாமிகிட்ட வச்சி சந்தனம் குங்குமம் வைப்பா. வருஷா வருஷம் செய்துக்கினு தான் கீறேன். ஒருத்தன் கேட்டதில்ல."

ஒரு ரெஞ்ச் எங்கே, மொத்த டூல் ரூம் சாவி எங்கே!

"நான் திருடனா யக்கா?"

"இல்லப்பா."

"அப்போ அவன்?"

ரேணிகுண்டாவில் இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார். அன்றே பாஸ்கர ராவ் காருவுக்குப் போன் செய்து சொன்னேன். உடனே அவரைச் சாட்சியாகப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். "வரச் சொல்லாதேம்மா. அவர் வூட்லயும் அடுப்பு எரியணும் இல்ல. நீ கேட்டா சங்கம் கேட்ட மாதிரி ஆயிடும். அவரா வந்தா வரட்டும்" என்றார்.

உள்விசாரணை கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விசாரணை அதிகாரி வெளியாள், திருப்பதி வக்கீல் ஒருவர், வயதானவர். நிர்வாகத்தின் பக்கம் எச்ஆர் இளைஞர் ஒருவர். வெளியிலிருந்து சங்கத் தலைவர்கள் உள்ளே வரக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாகக் கூட வேலை செய்கிறவர் ஒருவர் உட்காரலாம். அது நான். மொழிபெயர்க்கவும் வேறு ஆள் கிடைக்காததால் நிர்வாகம் என்னையே ஒப்புக்கொண்டது. கேள்வியை அதிகாரி சொல்வார், டைப்பிஸ்ட் அடிப்பார், நான் ஒடியாவில் சொல்வேன், பதிலைத் தெலுங்கில் சொல்வேன், அதையும் அடிப்பார்கள். பக்கம் முடிந்ததும் படித்துக் காட்டி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சின்னக் கேள்விக்கு ஒரு டீ ஆறிவிடும்.

எச்ஆர் இளைஞர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். "இந்தத் தொழிற்சாலையில் கருவியை வெளியே கொண்டுபோகும் வழக்கம் எதுவும் கிடையாது" என்று பதிவு செய்யச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து, "எதிர்ச் சாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். வராந்தா பெஞ்சில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா பாக்கற, கூப்புடு" என்றார்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். சாவி, மடி, சந்தனம், குங்குமம், எதையும் விடவில்லை. அதிகாரி தடுத்தார். "முனிரத்தினம் காரு, இது உங்க மேலேயே வரும். தெரியுமா?"

"தெரியும் சார். எழுதிக்கோங்க. அவன் மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்ததும் நான்தான். அத்தயும் எழுதுங்க."

வழக்கப்படி நான் பித்யாதர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் ஒடியாவில் சொன்னேன். "வருஷா வருஷம் நான் டூல் ரூம் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நான் செய்ததைத்தான் இவனும் செய்தான்." அவன் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு விருட்டென்று எழுந்து நின்றான். அதிகாரியைப் பார்த்து ஒடியாவில் வேகவேகமாகச் சொன்னான். "சார், அவர் சொன்னதை அழித்துவிடுங்கள். நான் திருடினேன். விற்கத்தான் எடுத்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரை விட்டுவிடுங்கள்."

அந்த அறையில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான்.

அவனைக் காப்பாற்ற உட்கார்ந்திருப்பவள் நான். இதை அப்படியே சொன்னால் அவன் வேலை அங்கேயே முடிந்தது. சொல்லாமல் விழுங்கினால் கேட்க ஆளில்லை. அதற்குள் முனிரத்தினம் இரண்டே எட்டில் போய் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"டேய், ஒக்காருடா! இன்னாத்துக்குடா குறுக்க வர? ஒக்காரு சொல்றேன்!"

அவருக்கு ஒடியாவில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அவன் என்ன செய்கிறான் என்று தெரிந்துவிட்டது.

"என்னம்மா சொன்னான்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல், "நான் திருடினேன், விற்கத்தான் எடுத்தேன்" என்று என் வாயால் தெலுங்கில் சொன்னேன். "அவரை விட்டுவிடுங்கள்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, அதையும் சொன்னேன். எச்ஆர் இளைஞர் பேனாவை எடுத்தவர் எதுவும் எழுதாமல் மூடிவைத்துவிட்டார்.

அதிகாரி டைப்பிஸ்டிடம் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். சாட்சி சொன்னதை, அதைக் கேட்டு இவன் எழுந்ததை, சாட்சி இவனைப் பிடித்து உட்காரவைத்ததை, எல்லாவற்றையும் நடந்த வரிசையில் அடிக்கச் சொன்னார். சில வாரம் கழித்து அவர் அறிக்கை வந்தபோது அதைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார். சாட்சியைக் காப்பாற்றத் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொண்டவனின் அந்தச் சொல்லை ஏற்க முடியாது, திருட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடித்திருந்தார். அனுமதி கேட்காமல் எடுத்ததற்கு ஒரு எச்சரிக்கை. பித்யாதர் வேலைக்குத் திரும்பினான். முனிரத்தினத்தை டூல் ரூமிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்குப் போட்டார்கள். கடைசிவரை டூல் ரூமை அவருக்குத் திருப்பித் தரவில்லை. சங்கம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் விசாரணை நடந்த அன்று இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்குமே வேலை போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே பாஸ்கர ராவ் காரு காத்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சத்தம் கேட்டது. முனிரத்தினமும் பித்யாதரும் எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் தமிழில், அவன் ஒடியாவில், ஒருவர் முடிக்க இன்னொருவர் காத்திருக்கவில்லை. நான் பதறிப்போய், மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று கிளம்பினேன். பாஸ்கர ராவ் காரு என் கையில் இருந்த பையைப் பிடித்து இழுத்து, "நீ இரும்மா" என்றார்.

அங்கேயே நின்று கேட்டேன்.

"இன்னாத்துக்குடா எனக்காக உன் வேலையக் கெடுத்துக்கினே?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவனும் கண்ணீரைத் துடைத்துத் துடைத்து அதையேதான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.